கல்லாற்றங்கரையில் ஒரு பலகை

சென்ற பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகள், மருமகன், பேரன் மூவரும் வந்திருந்தார்கள். பேரனுக்கு வயது பன்னிரண்டு. பொன்முடி பார்க்க வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிக்க, புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டோம். நெடுமங்காடு, விதுரா தாண்டிக் கல்லாறு வந்ததும் வண்டியை நிறுத்தினோம். திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்குக் கல்லாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். பொன்முடிக்குப் போகும் 22 கொண்டை ஊசி வளைவுகளும் இதற்கு மேலேதான். வாமனபுரம் ஆற்றின் மேல்பகுதியான இங்கே, உருண்டைப் பாறைகளுக்கு நடுவே கண்ணாடி போலத் தண்ணீர் ஓடும். பெயருக்கு ஏற்ற ஆறு.

கரையில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஆழம், அபாயம், இறங்காதீர்கள் என்ற வழக்கமான வாசகம்தான். வெயிலிலும் மழையிலும் நின்று நிறம் மங்கியிருந்தது. நான் அதைக் காட்டியபோது பேரன் கைப்பேசியைக் காட்டினான். அதில் நாலைந்து இளைஞர்கள் இதே போன்ற பாறையிலிருந்து தண்ணீருக்குள் குதித்து மகிழ்ந்துகொண்டிருந்தார்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு.

"போர்டு பழசு தாத்தா. இந்த வீடியோ போன வாரம் போட்டது" என்றான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பையன் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே தோன்றியது. புதிதாக வந்த செய்தி பழைய செய்தியைவிடச் சரியாக இருக்கும் என்றுதானே நாமும் நினைக்கிறோம்? அவனைக் கரையிலேயே உட்கார வைத்துவிட்டு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கல்லாற்றில் வட்டக்கயம் என்று ஓர் இடம் உண்டு. 2022 அக்டோபரில் பொன்முடி பார்க்க வந்த ஒரே குடும்பத்து உறவினர்கள் மூவர் அங்கே மூழ்கி இறந்தார்கள். அவர்களுக்கு முன்பும் அந்தக் கயம் பலரைக் கொண்டுபோயிருக்கிறது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து, சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் பாய்ந்து வருவதும் இந்த ஆற்றின் சுபாவம். வீடியோவில் குதித்தவர்கள் கரையேறியதால் அது வீடியோ ஆயிற்று. கரையேறாதவர்கள் எதையும் போடவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பலகையும் அந்த வீடியோவும் என் மனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன் நான். எனவே எதைப் பார்த்தாலும் சிக்னல் கம்பமாகத்தான் தெரியும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய கைகாட்டி மரத்தை நினைவிருக்கிறதா? கை கிடையாக நின்றால் 'நில்', சாய்ந்தால் 'போ'. அந்தக் கையை நிலையத்திலிருந்து ஒரு கம்பி இழுக்கும். கம்பி அறுந்துபோனால் என்ன ஆகும்? எதிர்ப்பாரத்தின் கனத்தால் கை தானாகவே கிடைநிலைக்குத் திரும்பி 'நில்' என்று காட்டும். மின்விளக்கு சிக்னல்களிலும் அதே தத்துவம்தான். தண்டவாளத்தில் ஓடும் மெல்லிய மின்சாரம் தடைப்பட்டால், காரணம் ரயிலா, அறுந்த கம்பியா என்று விசாரிக்காமல் விளக்கு சிவப்பாகிவிடும். சந்தேகம் என்றால் சிவப்பு. எங்கள் தொழிலின் அரிச்சுவடி இதுதான்.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஓர் இடமும் ஓர் எண்ணும் உண்டு. தவறு நடந்தால் எந்தக் கம்பம், யார் பொறுப்பு என்று கேட்கலாம். அடுத்து, அந்த வழியே வரும் எல்லா ஓட்டுநர்களுக்கும் அது ஒரே நிறத்தைத்தான் காட்டும். இவருக்குப் பச்சையும் அவருக்கு மஞ்சளும் அதே நேரத்தில் காட்டாது.

நான் சிறுவனாக இருந்தபோது கேட்ட விளம்பரங்களுக்கும் ஏறக்குறைய இந்த இலக்கணம் இருந்தது. நாகர்கோவில் பக்கத்தில் எங்கள் வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். கோபால் பல்பொடி விளம்பரம் வந்தால் வீடே சேர்ந்து கேட்கும். "பல்பொடி நல்லாத்தான் இருக்கும். வேப்பங்குச்சிக்கு யாரு விளம்பரம் போடுவா?" என்பார் அப்பா. அவ்வளவுதான், விளம்பரத்தின் மயக்கம் பாதி போய்விடும். பிறகு விவித பாரதி வந்தது. 1967இல் அதில் விளம்பரம் தொடங்கியது. 1976இல் தூர்தர்ஷனிலும் வந்தது. அவற்றிலும் மிகைப்படுத்தல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொய் சொன்னாலும் எல்லோர் காதிலும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அதைக் கேட்டார்கள், கேலி செய்தார்கள், நாலு பேர் கூடி எடை போட்டார்கள்.

இன்று விளம்பரம் ஆளுக்கு ஆள் தனியாக வருகிறது. ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மூட்டுவலித் தைலம், மகளுக்குப் பட்டுப்புடவை, பேரனுக்குக் கைப்பேசி விளையாட்டு. அவனுக்கு என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது, எனக்கு வருவது அவனுக்குத் தெரியாது. வேப்பங்குச்சியைப் பற்றிப் பேச அங்கே அப்பா இல்லை.

நானே மாட்டிக்கொண்ட கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரபலமான ஒரு மருத்துவர் கைப்பேசியில் தோன்றி, பத்தே நாளில் முழங்கால் வலி போகும் என்று ஒரு தைலத்தைப் பற்றிப் பேசினார். முகம் அவருடையது, குரலும் அவருடையதே. 1,800 ரூபாய் அனுப்பினேன். புட்டி வந்தது. நல்லெண்ணெயில் கொஞ்சம் கற்பூரம் போட்டது போல் ஒரு வாசனை. பிறகுதான் தெரிந்தது, அந்த மருத்துவர் அப்படிப் பேசவே இல்லை, கணினி செய்த வேலை என்று. "நாற்பது வருஷம் சிக்னல் பார்த்தீங்களே, இந்தச் சிக்னல் தெரியலையா?" என்றாள் என் மனைவி. வலி பத்து நாளில் போகவில்லை. இந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

நான் தொழில்நுட்பத்தின் விரோதி அல்லன். அதில் சோறு சாப்பிட்டவன். எதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதற்கு 2024ஆம் ஆண்டிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவின் உதவியால் ஏ.ஆர்.ரஹ்மான் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும், அவர்களுக்கு ஊதியம் கொடுத்ததாகவும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். கேட்பவருக்கு இது என்ன என்பது தெரியும். பிடித்தால் கேட்கலாம், பிடிக்காவிட்டால் விடலாம். கம்பமும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. என் தைலக்காரருக்கு இரண்டும் இல்லை.

அரசியலிலும் இது வந்துவிட்டது. 2018 ஆகஸ்டில் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். அரங்கில் இருந்த அனைவருக்கும் அது கணினி உருவம் என்று தெரியும். எனவே யாரும் ஏமாறவில்லை. ஆனால் அதே உருவம், விவரம் ஏதும் இல்லாமல், தேர்தலுக்கு முதல் நாள் இரவு ஒரு கிராமத்துப் பாட்டியின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தால்? எந்தக் கட்சியானாலும் இந்தக் கேள்வி ஒன்றுதான். முன்பெல்லாம் தலைவர் மேடையேறிப் பேசினால், மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் அதே மைதானத்தில் மேடை போட்டுப் பதில் சொல்வார். கைப்பேசிக்குள் தனித்தனியாகப் போகும் பேச்சுக்கு எந்த மைதானத்தில் பதில் சொல்வது?

பழைய பாணி விளம்பரம் எல்லாம் புனிதம் என்று நான் சொன்னதாக நினைத்துவிட வேண்டாம். 2019 செப்டம்பர் 12ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காகச் சாலை நடுவில் கட்டிய பேனர், இருசக்கர வண்டியில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மீது விழுந்தது. பின்னால் வந்த லாரி அந்தப் பெண்ணின் உயிரைப் பறித்தது. அனுமதி இல்லாத பேனர். ஆனால் பேனர் கண்ணெதிரே இருந்ததால், வைத்தது யார் என்று கேட்க முடிந்தது. உயர் நீதிமன்றம் கேட்டது, ஊரே கேட்டது. கண்ணுக்குத் தெரியாத பேனரை வைத்தவனை யார் கேட்பது?

சிக்னல் பொய் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2023 ஜூன் 2ஆம் தேதி மாலை, ஒடிசாவில் பாலசோர் அருகே பகாநாகா பஜார் நிலையம். சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப்பாதையில் போகலாம் என்று பச்சை விளக்கு எரிந்தது. பாதையோ கிளைத் தண்டவாளத்துக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் நேர்ந்த தவறுகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டிக்காட்டியது. ஓட்டுநர் பச்சையை நம்பினார். நம்பியது அவர் தவறல்ல. அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை. சிக்னல் பிரிவில் வேலை பார்த்த எவனும் தூங்கியிருக்க மாட்டான். நம்பிக்கையோடு வருகிறவனுக்குப் பொய்யான பச்சை காட்டுவதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் இல்லை.

மீண்டும் கல்லாற்றுக்கு வருகிறேன். "கடவுளின் சொந்த நாடு" என்ற வாசகத்தைக் கேரளச் சுற்றுலாத்துறைக்காக 1980களின் கடைசியில் ஒரு விளம்பர நிறுவனம் எழுதிக் கொடுத்தது. அழகான வாசகம், உலகெங்கும் போயிற்று. ஆனால் அந்தக் கடவுளின் நாட்டிலேயே, விளம்பரம் எதுவும் இல்லாமல் பெயர் பெற்ற ஒருவரும் இந்தக் கல்லாற்றுக் காட்டில்தான் வாழ்ந்து வந்தார். காணி இனத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மா. தாய் வழியாகக் கற்ற நூற்றுக்கணக்கான மூலிகை மருந்துகளை நினைவிலேயே வைத்திருந்தார். விஷக்கடிக்கு வைத்தியம் தேடி மக்கள் காட்டுப் பாதையில் நடந்தே போனார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பார்கள் நம் பெரியவர்கள். அவர் ஓர் இடத்தில் இருந்தார்; தேடிப் போய்க் கேட்கலாம். குணமாகவில்லை என்றால் மறுபடியும் போய்ச் சொல்லலாம். கைப்பேசித் தைலக்காரரிடம் இல்லாதது அந்த முகவரிதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. இன்னின்ன நோயைத் தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954லேயே சட்டம் வந்துவிட்டது. சர்க்கரை நோயும் புற்றுநோயும் அந்தப் பட்டியலில் உண்டு. தவறான விளம்பரங்களுக்கு எதிராக 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2022இல் அதன்கீழ் நெறிமுறைகளும் வந்தன. ஆனால் சட்டம் ஆளைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் வேலை செய்யும். நம் வீட்டுக்கு நாம்தான் சிக்னல்மேன்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று வழக்கங்கள் வைத்திருக்கிறோம். கைப்பேசியில் வந்ததைப் பார்த்துப் பணம் அனுப்புவதானால் ஓர் இரவு பொறுத்து, வீட்டில் இன்னொருவரிடம் காட்டிய பிறகுதான். யார் சொன்னது, எங்கிருந்து சொன்னது என்று தெரியாத செய்தியைச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அனுப்புவதில்லை. சந்தேகம் என்றால் சிவப்பு. மூன்றாவதாக, வாரம் ஒருமுறை பேரனும் நானும் வீடியோ அழைப்பில், அவனுக்கு வந்த விளம்பரங்களை அவன் சொல்ல, எனக்கு வந்ததை நான் சொல்ல, இருவரும் சேர்ந்து சிரிக்கிறோம். அப்பாவின் வேப்பங்குச்சி வேலையை இப்போது நான் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. அன்று ஆற்றங்கரையில் பேரன் கேட்டான், "கயம்னா என்ன தாத்தா?" பெங்களூரில் வளர்கிறவன்; தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். கயம் என்றால் ஆழமான நீர்நிலை. நம் சங்க நூல்களில் உள்ள சொல். நாம் மறந்துவிட்டோம், மலையாளத்தில் இன்றும் பேச்சு வழக்கில் இருக்கிறது. சொன்னதும் பையன் யோசித்தான். "அப்போ பேர்லயே வார்னிங் இருக்கு!" என்றான்.

ஆமாம், பெயரிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லை வைத்தவர்கள் எத்தனையோ பேரை அங்கே பறிகொடுத்துவிட்டுத்தான் வைத்திருப்பார்கள். பலகையின் சாயம் மங்கினாலும் சொல் மங்கவில்லை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு, சோறு போடுமா என்று நம் சங்கக் கூட்டங்களிலேயே சிலர் கேட்கிறார்கள். அடுத்த முறை யாராவது அப்படிக் கேட்டால் நான் வட்டக்கயத்தைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பேரன் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, கரையோரம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு புளிச்சாதம் சாப்பிட்டான். பிறகு பொன்முடிக்கு ஏறினோம்.