கொய்னாவின் பாறையும் கணினியின் வண்ணப்படமும்

1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னாவை நிலநடுக்கம் உலுக்கியது. நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கிய சில ஆண்டுகளில் வந்த அதிர்வு அது. சிறிய அதிர்வுகள் இன்றும் ஓயவில்லை. அவை பிறப்பதோ எரிமலைப் பாறைக்கு அடியிலுள்ள அடித்தளத்தில். அங்கு நடப்பவரின் காலடியில் தென்படுவதோ ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த தக்காணப் பசால்ட் மட்டுமே.

கண்ணுக்கு எட்டாததைப் புவி இயற்பியல் காட்டிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. அது பாதி உண்மை. ஈர்ப்பு அளவீட்டில் தெரியும் ஒரே மாற்றத்தை ஆழத்தில் திரண்டிருக்கும் பாறையும் தரலாம். மேற்பரப்புக்கு அருகே அகலப் பரந்து கிடக்கும் பாறையும் தரலாம். கணினி இரண்டையும் மறுக்காது. பல பொருள் தரும் சொல்லுக்குச் சூழல் எதுவோ, அதுவே இங்கு வெளியில் தெரியும் பாறை.

மலைச்சாலை வெட்டுகளில் பசால்ட் ஒரே கட்டியாக இல்லை. இறுகிய பகுதி, அதன்மேல் குமிழித் துளைகள் நிறைந்த பகுதி, சில இடங்களில் இரு அடுக்குகளுக்கிடையே சிவந்த மண்படலம். இவற்றின் அடர்த்தி ஒன்றல்ல. அனைத்துக்கும் ஒரே எண்ணை இடும் மாதிரி தடிமனைப் பிழையாகச் சொல்லக்கூடும். அவ்வாறே, 1967இல் தரையில் தோன்றிய வெடிப்புகளின் திசையை அதிர்வு மையங்களின் ஆழத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் பிளவுத்தளத்தின் போக்கு பிடிபடும்.

பின்னர் துளையிட்டபோது ஓரிடத்தில் 933 மீட்டரிலும், 3 கிலோமீட்டர் வரை சென்ற முன்னோட்டத் துளையில் ஏறத்தாழ 1,250 மீட்டரிலும் பசால்ட் முடிந்து கிரானைட் நைஸ் வந்தது. இடையே படிவுப்பாறை இல்லை. தடிமனின் வேறுபாட்டில் பெரும்பங்கு மேலுள்ள நிலத்தின் ஏற்றத்தாழ்வே. அடித்தளத்தின் மேற்பரப்பு பெரும்பாலும் சமதளம். மலையின் உயரத்தை மறந்து ஆழத்தை மட்டும் ஒப்பிட்டவர், இல்லாத பள்ளத்தை வரைந்திருப்பார்.

ஆயினும் ஆய்வேடுகளில் களக்குறிப்பு பெரும்பாலும் முதல் இயலின் ஒளிப்படமாகச் சுருங்கிவிடுகிறது, வண்ணப்படமே முடிவாகிறது. வண்ணம் அழகாயிருக்கிறது என்பதால் ஐயம் குறைந்துவிடாது (மதிப்பீட்டாளர்களும் இதில் ஏமாறுகிறார்கள்). கள நாட்களை வெட்டி மென்பொருளுக்குச் செலவிடும் துறை, மாதிரியைச் சரிபார்க்கும் கண்களையே இழக்கிறது. சாலை வெட்டில் அளந்த அடர்த்தியும் சாய்வும் கணக்கின் உள்ளீடாக வேண்டும். அவை அளவீட்டோடு முரண்படும் இடங்களை ஆய்வேடு மறைக்காமல் வரைபடத்திலேயே குறிக்க வேண்டும்.