நிழல் நம்முடையது, சான்றிதழ் யாருடையது?



மறுபடியும் வண்டிகள் மலையேறி வருகின்றன. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், கே.சி.பட்டி என்று காபி பழுக்கிற ஊருக்கெல்லாம் வருகின்றன. பழம் சிவந்தால் போதும், 'நிழலில் விளையும் காபி'யைப் பார்க்க ஆள் வந்துவிடுகிறது. வரட்டும். வீடு தேடி வந்தவங்களுக்கு மோர் கொடுக்காத ஊரா நம்ம ஊரு? பலா மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கட்டும், குருவிச் சத்தம் கேட்டுட்டுப் போகட்டும். அவங்க மேல நமக்கு வருத்தமில்லை. அவங்களைக் கூட்டிக்கிட்டு வந்து, அடுத்த வாரம் ஒரு கட்டுக் காகிதத்தோடு திரும்பி வந்து, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிறார்களே, அவர்களிடம்தான் நமக்குக் கேள்வி இருக்கிறது.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கு? பெரும்பாலும் அது குழுச் சான்றிதழுக்கான ஒப்பந்தம். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்காரன் தனியாகச் சான்று வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் நூறு பேரைச் சேர்த்து ஒரே சான்றிதழ். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தச் சான்றிதழ் யார் பேரில்? குழுவை நடத்துகிற வியாபாரி பேரிலோ ஏற்றுமதிக் கம்பெனி பேரிலோ இருந்தால், உங்க தோட்டத்து நிழல் அவருடைய சரக்காகிவிடும். அவரிடம் கொடுத்தால் அது நிழல் காபி. அவர் விலை பிடிக்காமல் பக்கத்துக் கடையில் போட்டால் வெறும் காபி. மரம் அதே மரம், பழம் அதே பழம். மாறினது காகிதம் மட்டும்தான்!

இந்த நிழல் என்ன, நேற்று யாரோ சொல்லிக் கொடுத்து வந்ததா? இந்தியாவில் காபி கிட்டத்தட்ட முழுவதுமே மர நிழலில்தான் விளையுது. நம்ம கீழ்ப்பழனி மலையில் ஒரு காலத்தில் விருப்பாட்சி வாழைதான் காபிக்குக் குடை. முடிக்கொத்து நோய் வந்து வாழையை அழிச்ச பிறகும் நாம் மலையை மொட்டையடிக்கவில்லை. கல்யாண முருங்கை, பலா, அத்தி, சில்வர் ஓக் என்று வைத்துக் காபியைக் காப்பாற்றினோம். பாடம் நடத்த வருகிறவர்களுடைய கதை வேறே. மத்திய அமெரிக்க நாடுகளில் 1970-களிலிருந்து, இலைத்துரு நோய்க்குப் பயந்தும் கூடுதல் மகசூலுக்கு ஆசைப்பட்டும், அமெரிக்க உதவிப் பணத்தோடேயே நிழல் மரங்களை வெட்டச் சொன்னார்கள். வெயில் காபி, உர மூட்டை, மருந்து டப்பா! வலசைப் பறவைகள் குறைஞ்சதும் 1990-களில் அதே அமெரிக்காவிலிருந்து 'பறவைக்கு உகந்த காபி' என்று சான்று வந்தது. குறைஞ்சது 40 சதவீத நிழல் வேணும், குறைஞ்சது பத்து வகை மரம் வேணும், இயற்கை வேளாண் சான்றும் வேணுமாம். நம்ம தோட்டங்களில் எத்தனையோ, யாரும் கேட்காமலே இந்த நிழலையும் மர வகையையும் வைத்திருக்கின்றன. பரீட்சையில் நாம் பாஸ். மார்க் ஷீட் மட்டும் வேறொருத்தர் பெட்டியில்.

தோட்டம் பார்க்க வருகிறவர்கள் பழுத்த பழத்தைப் பார்க்கிறார்கள். நிழலுக்கு ஆகிற செலவை யாரும் பார்ப்பதில்லை. மழைக்கு முந்தி அரிவாளோடு நாற்பது அடி உயரம் ஏறி நிழல் கழிக்கிறவன் உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஏறுகிறான். அந்த வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி அதிகம். கொடுக்கத்தான் வேணும், அது நியாயம். கழிக்காமல் விட்டால் காபி பூக்காது, பூமழை பெய்தும் பயனில்லை. அளவுக்கு மேல் கழித்தால் தண்டில் வெயில் படும், வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வந்து உட்காரும். அப்புறம் செடியை வேரோடு பிடுங்கிக் கொளுத்த வேண்டியதுதான். இந்த நிதானத்தை எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்க முடியாது. வெயில் காபி அளவுக்கு மகசூலும் நிழலில் வராது. அந்தக் குறைச்சலை வருஷா வருஷம் தாங்குவது யார்? நாம்தான். சொந்த நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டவும் 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி குழு அனுமதி வேணும். சட்டம் வேண்டாம்னு நாம் சொல்லவில்லை. அய்யம்பாளையம் மருதாநதி அணைக்கும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்கும் இறங்குகிற தண்ணி நம்ம மலைத் தண்ணி. மரம் போனால் கீழே இருக்கிற நெல்லும் தென்னையும் திண்டுக்கல்காரர் குடமும் என்ன ஆகும்? ஊருக்காக மரத்தைக் காக்கிறோம், அதற்கு ஊர் நமக்கு என்ன தருகிறது என்றுதான் கேட்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். ஏறத்தாழ ஆறு கிலோ பழம் சேர்ந்தால் ஒரு கிலோ காபிக் கொட்டை. வறுத்தால் அதில் 800 கிராம் சொச்சம் நிற்கும். டம்ளருக்குப் பத்து கிராம் போட்டாலும் 80 டம்ளர். பட்டணத்துக் கடையில் 'நிழல் காபி' என்று பலகை மாட்டி ஒரு கோப்பைக்கு என்ன வாங்குகிறான் என்று உங்க பிள்ளைகளைக் கேளுங்க. அதை 80-ஆல் பெருக்கி, ஆறு கிலோ பழத்துக்கு நீங்க வாங்கின காசைப் பக்கத்தில் எழுதுங்க. வேறே விளக்கம் வேணாம்.

பச்சைத் தவளை முத்திரைக்காரர்களின் 2020-ம் ஆண்டு விதியே, சந்தை விலைக்கு மேல் தனித்தொகையை விவசாயிக்கு ரொக்கமாகத் தரணும் என்கிறது. காபிக்கு அது எவ்வளவு என்பது பேரத்தில் முடிவாவது. தனியா நிற்கிறவன் என்ன பேரம் பேசுவான்? வாங்குகிறவர் சொன்னதுதான் தொகை. அவுட்டர்ன் குறைவு, ஈரம் அதிகம் என்று அதிலும் பிடிப்பார்கள்.

அடுத்தது ஐரோப்பாவின் காடழிப்புத் தடைச் சட்டம். 2023-ல் போட்டார்கள், அமலைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்துக் காபி அங்கே போக முடியாது. அதற்காக உங்க தோட்டம் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் கணக்கில் குறித்துக் கொடுக்கணும். போனை நீட்டி அளந்துக்கிட்டுப் போகிறார்களே, அந்த விவரம் உங்க சொத்து. ஒரு நகல் வாங்காமல் விடாதீங்க.

1996 வரை காபி வாரியத்தின் பூல் இருந்தது. பணம் தவணை தவணையாக வந்தது, தாமதமும் ஆனது. ஆனாலும் சின்னவனுக்கும் பெரியவனுக்கும் வாங்க ஒரு கை இருந்தது. அது போனதும் சந்தை நம்மை நேராக அடித்தது. 2001-ல் நியூயார்க்கில் ஒரு பவுண்டு அரபிகா 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தபோது, பழம் பறிக்கிற கூலிக்கே பழம் காணாது என்று செடியிலேயே விட்டவங்களை நாம் பார்த்தோம். 2025-ல் அதே பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. ஏறின விலையைக் காட்டி, "மரத்தை எடு, வெயிலில் இன்னும் நாலு மூட்டை வரும்" என்று சொல்லவும் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீங்க. விலை இறங்குகிற நாளில் மிளகும் பலாவும் வாழையும்தான் அடுப்பெரிக்கும். வெட்டின மரம் திரும்ப நிழல் தர இருபது வருஷம் ஆகும்.

இந்தியக் காபி விவசாயிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் மேல் சிறு விவசாயிகள். ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகத் திரண்டு காபியை ஒண்ணாப் பக்குவம் பண்ணி விற்கிறார்கள். 2019-ல் ஐந்து இந்தியக் காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அரக்கும் அதில் ஒன்று. நம்ம மலை அந்த ஐந்தில் இல்லை. தாண்டிக்குடியில் காபி ஆராய்ச்சி நிலையம் இருந்தும் இல்லை!

ஆகவே நாம் கேட்பது இது. சான்றிதழ் விவசாயிகளின் சொந்த உற்பத்தியாளர் அமைப்பின் பேரிலேயே இருக்கணும். அதற்கான ஆய்வுக் கட்டணத்தைக் காபி வாரியம் ஏற்கணும். நிழல் மரம் காக்கிறவனுக்கு ஏக்கர் கணக்கில் ஊக்கத்தொகையை மாநில அரசு அறிவிக்கணும். தோட்டம் சுற்றிக் காட்டிச் சம்பாதிக்கிறவர்கள் தோட்டக்காரருக்கும், பழம் பறிக்கிற பெண்களுக்கும் அதில் பங்கு தரணும். அவங்க முகத்தைப் பாக்கெட்டில் அச்சடித்துவிட்டுக் கூலியில் கஞ்சத்தனம் பண்ணுவது எந்த ஊர் நியாயம்?

இதுவரை கையெழுத்துப் போடாதவங்க பொறுங்க. காகிதம் தமிழில் இருக்கா, தனித்தொகை எவ்வளவு என்று எழுதியிருக்கா, வேறு ஆளுக்கு விற்க உரிமை இருக்கா, விலகணும்னா என்ன வழி என்று கேளுங்க. பதில் வாயால் வந்தால் போதாது, எழுத்தில் வாங்குங்க. ஏற்கனவே போட்டவங்க பயப்பட வேணாம். ஒப்பந்த நகல், எடை ரசீது, நிலப் பட்டா மூணையும் எடுத்துக்கிட்டு வரும் சங்கக் கூட்டத்துக்கு வாங்க. நகலே கொடுக்கலைன்னா அதையும் வந்து சொல்லுங்க. எல்லாருமாச் சேர்ந்து போய்க் கேட்போம்.