ஆர்தர் மார்கனின் வாராக்கடன்

டிஸ்கி: 'ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2' விளையாட்டை இன்னும் முடிக்காதவர்கள் இத்தோடு ஓடிவிடுங்கள். கதை முழுவதையும் போட்டு உடைக்கப் போகிறேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

செமஸ்டர் லீவில் உருப்படியாக எதையாவது படிப்பேன் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தார். நானோ பக்கத்து வீட்டு அண்ணனின் கம்ப்யூட்டரே கதி என்று 1899-ம் வருடத்து அமெரிக்காவில் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தேன். விளையாட்டை முடித்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. காலேஜ் திறந்ததும் கேன்டீனில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. 'நாயகன்' படத்தில் பேரன் வேலு நாயக்கரிடம் கேட்பானே, அதே கேள்விதான். ஆர்தர் மார்கன் நல்லவனா, கெட்டவனா?

உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் நாலு பேர் யோசிக்காமல் சொன்னார்கள்: "தங்கமான மனுஷன்டா." ஐந்தாவது ஆள் நான். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று அங்கே சரியாக விளக்கவும் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

விளையாடாதவர்களுக்குச் சின்ன முன்கதை. ராக்ஸ்டார் கேம்ஸ் 2018 அக்டோபரில் வெளியிட்ட விளையாட்டு இது. கம்ப்யூட்டருக்கு 2019 நவம்பரில் வந்தது. டச்சு என்பவன் தலைமையில் ஒரு கொள்ளைக் கும்பல், அவனுக்கு வலது கை ஆர்தர். ரயில் கொள்ளை, வங்கிக் கொள்ளை, துப்பாக்கிச் சண்டை எல்லாம் உண்டு. கும்பலின் கணக்குப்பிள்ளை லியோபோல்ட் ஸ்ட்ராஸ் என்ற ஆஸ்திரியாக்காரர். கஷ்டத்தில் இருப்பவர்களாகப் பார்த்து அநியாய வட்டிக்குக் கடன் கொடுப்பது அவர் வேலை. வசூல் பண்ணுவது ஆர்தர் வேலை. அதாவது நம் வேலை.

அப்படி வசூலுக்குப் போகும் வீடுகளில் ஒன்று தாமஸ் டவுன்ஸ் என்ற விவசாயியுடையது. ஒல்லியான, இருமிக்கொண்டே இருக்கும் மனிதர். இதற்கு முன்பே அவரைப் பார்த்திருப்போம். வாலன்டைன் ஊரில் ஒரு மதுக்கடைச் சண்டையில் ஆர்தர் ஒருவனைப் போட்டுப் புரட்டும்போது, குறுக்கே வந்து கெஞ்சி நிறுத்துகிறவர் இவர்தான். அவரை அவருடைய தோட்டத்திலேயே வைத்து அடிக்கிறோம். மனைவி எடித்தும் மகன் ஆர்ச்சியும் பார்க்கிறார்கள். அடி தாங்காமல் அவர் இருமும்போது ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. அது காசநோய். கொஞ்ச நாளில் டவுன்ஸ் செத்துப்போகிறார். கடன் மட்டும் சாகவில்லை, ஆர்தர் மறுபடியும் எடித்திடம் போய் நிற்கிறான்.

அந்த ரத்தத்தோடு வந்த நோய்தான் கடைசியில் ஆர்தரையும் கொல்கிறது. காசநோய்க் கிருமியை 1882-லேயே ராபர்ட் கோக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து 1943-ல்தான் கிடைத்தது. 1899-ல் இந்த நோய் முற்றிவிட்டால் நாள் குறித்தாகிவிட்டது என்று அர்த்தம். சாகப் போகிறோம் என்று தெரிந்த பிறகு ஆர்தர் மாறுகிறான். ஸ்ட்ராஸைக் கும்பலை விட்டுத் துரத்துகிறான். ஜான் மார்ஸ்டன் குடும்பத்தைத் தப்பவைக்கத் தன்னிடம் மிச்சமிருக்கும் மூச்சைச் செலவு செய்கிறான். நானும் அழுதேன். மறைக்கவில்லை.

இப்போது கேன்டீன் வாதங்களுக்கு வருகிறேன்.

முதல் வாதம்: "டவுன்ஸுக்கு ஏற்கெனவே நோய். எப்படியும் செத்திருப்பார்." சரி, செத்திருப்பார். ஆனால் வீட்டில், படுக்கையில், அடி வாங்காமல் செத்திருப்பார். மகன் முன்னால் அடிவாங்கியது அவருடைய கடைசி நாட்களின் ஞாபகமாக இருந்திருக்காது. ஆர்தருக்கும் எப்படியும் சாவுதான். அதற்காக அவனைச் சுட்டவனை யாராவது மன்னிக்கிறோமா?

இரண்டாவது வாதம்: "ஆர்தர் ஏவின வேலையைச் செய்தான். குற்றவாளி ஸ்ட்ராஸ்." இதைத்தான் நிறையப் பேர் சொல்கிறார்கள். ஸ்ட்ராஸைக் கரப்பான்பூச்சி மாதிரிப் பார்க்கிறார்கள். அவர் கெட்டவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் எழுதியது நோட்டில், அடித்தது ஆர்தரின் கை. அந்தக் கைக்கு பட்டனை அழுத்தியது நாம். இன்னொரு விஷயமும் உண்டு. பின்கதையில் ஒரு சின்னத் தகவல் வரும், பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பிங்கர்டன் ஆட்களிடம் சிக்கிய ஸ்ட்ராஸ், கும்பலில் யாரையும் காட்டிக்கொடுக்காமலே சாகிறார். துரத்திவிட்ட ஆர்தரையும் சேர்த்துத்தான். அதற்காக அவரைத் 'தங்கமான மனுஷன்' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு நல்ல காரியம் ஆர்தரைக் கழுவிவிடும் என்றால், ஸ்ட்ராஸை மட்டும் ஏன் கழுவவில்லை? அவரோடு நாம் குதிரையில் போகவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது வாதம்தான் கொஞ்சம் கனமானது: "கடைசியில் எல்லாவற்றையும் ஈடுகட்டிவிட்டான்."

இங்கேதான் பி.காம் மூளை விழித்துக்கொண்டது. விளையாட்டில் ஹானர் என்று ஒரு மீட்டர் இருக்கிறது. எங்கள் அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால் 'நற்பெயர்'. வழியில் போகிறவருக்கு வணக்கம் சொன்னால் ஏறும். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டால் ஏறும். அப்பாவியைச் சுட்டால் இறங்கும். நன்றாக ஏறிவிட்டால் கடைகளில் பாதி விலைக்குச் சாமான் கிடைக்கும். கடைசிக் காட்சியும் அதைப் பொறுத்துத்தான். ஜானுக்கு உதவப் போனால், மீட்டர் மேலே இருந்தால் சூரிய உதயத்தைப் பார்த்துக்கொண்டே சாகலாம். கீழே இருந்தால் மைக்கா கையால் குண்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மீட்டர் இறங்கிய ஒரு நாள் வாலன்டைன் தெருவில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் வணக்கம் வைத்தேன். ஏறிவிட்டது. கதைக்காகச் சுட்டுத்தள்ளிய ஆட்களில் பெரும்பாலானோர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. மைக்காவைச் சிறையிலிருந்து மீட்கப் போய் ஸ்ட்ராபெர்ரி ஊரில் எத்தனை பேரைச் சுட்டேன் என்று எனக்கே தெரியாது. இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை எங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினால் பேப்பரைத் தூக்கி முகத்தில் எறிவார்.

கணக்கியலில் வாராக்கடன் என்று ஒன்று உண்டு. இனி வராது என்று தெரிந்த கடனைத் தள்ளுபடி செய்து எழுதிவிடுவது. ஆனால் அதை யார் எழுதலாம்? கடன் கொடுத்தவர் எழுதலாம். வாங்கியவன் தன் நோட்டில் "தள்ளுபடி" என்று எழுதிக்கொண்டால் அதற்குப் பெயர் மோசடி. கும்பலுக்கு வர வேண்டிய கடனை ஆர்தர் ஆறாம் அத்தியாயத்தில் ரத்து செய்கிறானே, அது செல்லும். அங்கே அவன் கடன் கொடுத்த பக்கம். ஆனால் டவுன்ஸ் குடும்பத்திடம் அவன் கடன்காரன். அந்தக் கணக்கை மூடும் பேனா எடித்தின் கையில் இருக்கிறது. ஆர்தரிடமும் இல்லை, கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் நம்மிடமும் இல்லை.

இதை விளையாட்டை எழுதியவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். புருஷன் செத்த பிறகு எடித் உடம்பை விற்றுப் பிழைக்க வேண்டியதாகிறது. மகன் அன்ஸ்பர்க் சுரங்கத்தில் வேலைக்குப் போகிறான். ஆர்தர் உதவி செய்ய வரும்போது அந்தம்மா முகம் மலர்ந்து நன்றி சொல்லவில்லை, வெறுப்போடுதான் பேசுகிறார். கடைசியில் அவன் பணத்தைக் கொடுத்து வேறு ஊரில் புது வாழ்க்கை ஆரம்பிக்கச் சொல்கிறான். மன்னிப்பு கேட்பது தனக்கு உரிமையில்லாதது என்று அவனுக்கே தெரிகிறது. எனக்கு ஆர்தரை மிகவும் பிடித்தது அங்கேதான். அவனே தன்னை நல்லவன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நாம்தான் முந்திக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிறோம்.

ஏன் இவ்வளவு அவசரம்? அவனை மன்னித்தால் நம்மையும் மன்னித்த மாதிரி என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

இதை நான் மேலே நின்றுகொண்டு சொல்லவில்லை. போன வருடம் ஐ.வி. போவதற்கு எங்கள் வகுப்பில் பணம் வசூலித்தது நான். பாக்கி வைத்தவர்கள் பெயரைப் பட்டியல் போட்டு வாட்ஸப் குரூப்பில் தினமும் காலையில் ஒட்டினேன். கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. அதையும் விடாமல் நாலு நாள் ஒட்டினேன். ஐந்தாம் நாள் பணம் வந்தது, ஆனால் பயணத்துக்கு அவன் வரவில்லை. அவன் அப்பாவுக்கு ரெண்டு மாதமாக வேலை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பரீட்சை சமயத்தில் என் நோட்ஸ் எல்லாம் அவனுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மனதில் மீட்டர் ஏறிய மாதிரி இருந்தது. சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். சரியாகிவிட்டதா என்று அவனிடம் கேட்கவே இல்லை. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறான்.

ஆர்தர் மாறியது பொய் என்று நான் சொல்லவில்லை. கடைசி நாட்களில் அவன் செய்ததெல்லாம் நிஜமாகவே நல்லது. ஜானும் அபிகெயிலும் குழந்தையும் உயிரோடு இருப்பது அவனால்தான். ஆனால் ஒரு பக்கத்து வரவு இன்னொரு பக்கத்துப் பற்றை அழிக்காது. இரண்டும் ஒரே மனிதனின் பேரேட்டில் அருகருகே இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் நண்பர்களே, ஆர்தர் நல்லவனா கெட்டவனா என்று அடுத்த தடவை கேட்டால் என் பதில் இது: அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்லவனா என்பதை எடித்திடம் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத நாலு பேரும் திங்கட்கிழமை கேன்டீனுக்கு வரலாம், டீ செலவு உங்களுடையது :-)

அதற்கு முன்னால் எனக்கு ஒருவனிடம் பேச வேண்டியிருக்கிறது.