பாலைவனக் குளிருக்கு எந்த ஹீட்டர்?

ராஜஸ்தானுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் ஏசி, கூலர் பற்றியெல்லாம் விசாரித்துக்கொண்டு வருவார்கள். குளிரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாலைவனத்தில் என்ன பெரிய குளிர் என்ற நினைப்பு. 2019 ஜூனில் 50 டிகிரியைத் தாண்டிய அதே சூருவில், டிசம்பர் ஜனவரி ராத்திரிகளில் சில நாள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். குளிர் வந்தபிறகு கடைக்கு ஓடி, கடைக்காரர் காட்டியதை வாங்கி வந்து, கரண்ட் பில்லைப் பார்த்து நொந்துகொள்வது வருஷா வருஷம் நடக்கிறது.

என் கட்சி இதுதான். இந்த ஊரில் அறையைச் சூடாக்காதீர்கள், ஆளைச் சூடாக்குங்கள். அதற்கு, சிவப்பாக ஒளிரும் குவார்ட்ஸ் அல்லது ஹாலஜன் குழாய் வைத்த கதிர்வீச்சு ஹீட்டரே போதும்.

பாலைவனக் காற்றில் ஈரம் குறைவு, வானத்தில் மேகமும் குறைவு. அதனால் பகலில் சுகமான வெயில்; சூரியன் இறங்கியதும் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். ஆக, நமக்குச் சூடு தேவைப்படுவது ராத்திரி சில மணி நேரம், விடிகாலையில் கொஞ்ச நேரம். அதுவும் இரண்டு, இரண்டரை மாசம்தான்.

"இது கரண்ட் கம்மியா இழுக்கும், ஆனா சூடு ஜாஸ்தி" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ப்ளோயர், ஆயில் ஹீட்டர், குவார்ட்ஸ் எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டுக்குக் கிடைக்கும் சூடு ஒன்றேதான். அந்தச் சூடு எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். கல் சுவர், உயரமான கூரை, இடுக்கு விட்ட ஜன்னல் உள்ள வீட்டில் ப்ளோயரின் சூடான காற்று கூரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கதிர்வீச்சுச் சூடு வெயில் மாதிரி நேராக உடம்பில் படும், ஸ்விட்ச் போட்ட ஒரு நிமிஷத்தில்.

வங்கிக்காரன், கணக்குப் போடாமல் விடமாட்டேன் :-) 2000 வாட் ப்ளோயர் தினம் 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட், மாசம் 300. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 2400 ரூபாய். 800 வாட் குவார்ட்ஸ் அதே நேரத்துக்கு மாசம் 120 யூனிட், 960 ரூபாய். ஒரு குழாய் மட்டும் போட்டால் அதிலும் பாதி.

புது வீடு கட்டுகிறவர்களிடம் தரைக்கு அடியில் ஹீட்டிங் பதிக்கச் சொல்கிறார்கள். அதுவும் கதிர்வீச்சு வகைதான், மாசக்கணக்கில் குளிர் விடாத ஊருக்கு நல்லது. இங்கே கனத்த கான்கிரீட் தரை சூடேறவே சில மணி நேரம் ஆகும்; அது முழுச்சூட்டுக்கு வருவதற்குள் வெளியே வெயில் வந்துவிடும். அந்தப் பணத்தில் தெற்குப் பக்கம் நல்ல ஜன்னல் வையுங்கள். பகலில் வெயிலை உள்ளே விட்டு, சாயங்காலம் இறுக்கி மூடுங்கள்.

கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்து, ராத்திரி முழுக்க அறையே சூடாக இருக்க வேண்டுமானால் கணக்கு வேறு. அப்போது ஹாட் அண்ட் கோல்ட் இன்வர்ட்டர் ஏசி வாங்கலாம். அது சூட்டை உண்டாக்காமல் வெளிக்காற்றிலிருந்து இழுத்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு தரும். கோடைக்கும் அதுவே ஆகும். விலைதான் கூட.

குவார்ட்ஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. ரஜாய், திரைச்சீலையிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். கவிழ்ந்தால் தானே அணையும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்து வீட்டில் செய்கிறார்களே என்று மூடின அறைக்குள் கரி அங்கீட்டி வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே குடும்பமாகப் போனவர்களின் செய்தி வடக்கே ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது. ஒரு குவார்ட்ஸ் ஹீட்டருக்கு ஆகும் ஒன்றிரண்டாயிரம் ரூபாயைப் பார்த்து யோசிக்கிற இடம் இது இல்லை.