அப்ஸ்ட்ரக்ட் கிளாஸும் எங்கள் தோட்டத்துச் செக்ரோலும்



எங்களிடம் ஐ.சி.டி. படித்து, டிப்ளோமாவுக்கும் கெம்பஸுக்கும் போன பிள்ளைகள் லீவில் வந்தால் ஒரு கேள்வி கேட்பார்கள். "சேர், அப்ஸ்ட்ரக்ட் கிளாஸை வைத்து ஒரு ஒப்ஜெக்ட் கூட உருவாக்க ஏலாதே, பிறகு அதை ஏன் எழுதணும்?"

வரைவிலக்கணம் கேட்டால் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் மௌனம். பிழை பிள்ளைகளிடம் இல்லை, கற்பிக்கும் எங்களிடம்தான். சாதாரண தரத்தில் பஸ்கால், உயர்தரத்தில் பைத்தன் என்று மொழி மாறினாலும் நாங்கள் மனப்பாடத்தை விடவில்லை. ஒப்ஜெக்ட் பற்றிப் பேச வந்தால் விலங்கு, நாய், பூனை என்ற அதே உதாரணம். நாய் குரைக்க மறந்தால் யாருக்கு என்ன நட்டம்?

எங்கள் ஊரில் இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது: தோட்டத்துச் செக்ரோல்.

'தொழிலாளி' என்று ஒரு கிளாஸ் எழுதுவோம். பெயர், இலக்கம், வேலைக்கு வந்த நாட்கள் எல்லாருக்கும் பொது. அடிப்படை நாட்சம்பளமும் அங்கேயே இருக்கட்டும். 2024இல் அது 1350 ரூபா ஆனதுபோல மாறினால், ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

ஆனால் 'இன்றைய சம்பளம்' எல்லாருக்கும் ஒரே கணக்கா? கொழுந்து பறிப்பவருக்குக் கிலோ நிறுக்க வேண்டும். குறைந்தால் அரைப்பேர், கூடினால் மேலதிகக் கிலோவுக்குக் காசு. கவ்வாத்து வெட்டுபவருக்கு மரக்கணக்கு. ஸ்டோரில் வேலை செய்பவருக்கு மணித்தியாலமும் ஓ.டி.யும். ஆகவே 'தொழிலாளி' கிளாஸில் 'இன்றைய சம்பளம்' என்ற பெயரை மட்டும் எழுதி, கணக்கை எழுதாமல் விடுகிறோம். அதுதான் அப்ஸ்ட்ரக்ட் மெதட். கணக்கை அந்தந்த வேலைக்குரிய கிளாஸ் எழுதியே ஆக வேண்டும்.

ஒப்ஜெக்ட் ஏன் உருவாக்க ஏலாது என்பதும் இப்போது விளங்கும். வெறும் 'தொழிலாளி' என்று தோட்டத்தில் யாரும் இல்லை. கொழுந்துக்கா, கவ்வாத்துக்கா, ஸ்டோருக்கா என்று தெரிந்த பிறகுதான் பேர் போடுவார்கள்.

இதெல்லாம் தேவையா, சம்பளத்துக்கு 0 என்று போட்டு வைத்தால் பிறகு மாற்றலாமே என்று ஒரு பிள்ளை கேட்கலாம். அங்கேதான் ஆபத்து. நாளை 'காவல்காரர்' என்று புதிய கிளாஸ் சேர்த்துவிட்டு, சம்பளக் கணக்கை எழுத மறந்தால், செய்நிரல் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடும். சம்பளச் சீட்டில் 0 என்று வரும். மாதக் கடைசியில் ஒரு குடும்பம்தான் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்கும்.

அப்ஸ்ட்ரக்ட் என்று எழுதியிருந்தால் ஜாவா அதைக் கொம்பைல் செய்யவே விடாது. பைத்தனில் 2008 முதல் இருக்கும் ஏ.பி.சி. மொடியூலைப் பயன்படுத்தினால், ஒப்ஜெக்ட் உருவாக்கும் இடத்திலேயே நின்று, எந்த மெதட் எழுதப்படவில்லை என்று பெயரோடு சொல்லும். கவனம், பைத்தனில் மெதட்டுக்கு மேலே அடையாளம் போட்டால் மட்டும் போதாது. கிளாஸும் ஏ.பி.சி.யிலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் தடுக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணக்கு எழுதப்பட்டதா என்றுதான் கணினி பார்க்கும், நியாயமாக எழுதப்பட்டதா என்று பார்க்காது. அது மனிதரின் பொறுப்பு. 1960களில் ஒஸ்லோவில் சிமுலா மொழியை ஆக்கி இந்தக் கிளாஸ் முறைக்கு வழி திறந்த இருவரில் ஒருவர் கிறிஸ்டன் நைகார்ட். அவரே பின்னர் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, கணினி வரும்போது தொழிலாளிக்கும் அதில் பேச்சுரிமை வேண்டும் என்று உழைத்தார்.

ஆகவே சக ஆசிரியர்களிடம் எங்கள் வேண்டுகோள்: வரைவிலக்கணத்தைப் பிறகு கொடுப்போம், முதலில் செக்ரோலைக் கரும்பலகையில் எழுதுவோம். பெற்றோரே, "எங்களுக்கு கம்பியூட்டர் தெரியாது" என்று ஒதுங்காதீர்கள். உங்கள் பேர் எப்படிப் போடப்படுகிறது, நிறுவையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அந்தக் கணக்கு எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நாளைக்கு அந்தச் சம்பளச் செய்நிரலை எழுதப்போவது எங்கள் பிள்ளைகளாகவே இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.