வாடகைக்கு விடப்படும் தகுதி

சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.ஐ.இ. சான்றிதழ் எளிதில் கிடைப்பதில்லை. எழுத்துத் தேர்வில் தேறிய பிறகு, எட்டு மணி நேரம் ஆய்வகத்தில் உட்கார்ந்து நெட்வொர்க்கை அமைத்துக் காட்ட வேண்டும். பழுது எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பலர் இரண்டு மூன்று முறை முயன்றே தேறுகிறார்கள். 1993 முதல் வழங்கப்படும் இந்தச் சான்றிதழோடு ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணைத்தான் சிலர் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.

சிஸ்கோவின் 'கோல்டு பார்ட்னர்' ஆக, ஒரு நிறுவனம் நெடுங்காலம் நான்கு சி.சி.ஐ.இ.க்களை வேலையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தகுதி இருந்தால் கருவிகளுக்குத் தள்ளுபடி கூடும். டெண்டரிலும் மதிப்பு உயரும். நால்வருக்கு முழுச் சம்பளம் கொடுப்பதைவிட, வேறெங்கோ வேலை பார்ப்பவரின் எண்ணுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பது மலிவு.

"கஷ்டப்பட்டுப் படித்து வாங்கியது. வீட்டை வாடகைக்கு விடுவதுபோலத்தானே இதுவும்?" என்று கேட்கிறார்கள். இல்லை. வீட்டை விட்டால் குடிவருபவருக்கு வீடு கிடைக்கிறது. சான்றிதழை விட்டால் திறமை உரியவரிடமே தங்கிவிடுகிறது. வாடிக்கையாளருக்குக் கிடைப்பது வெறும் எண். அந்த எண்ணை நம்பி ஒரு மருத்துவமனை ஒப்பந்தம் போடுகிறது. நள்ளிரவில் ரவுட்டர் படுத்துவிட்டால் ஸ்கேன் படம் டாக்டரின் திரைக்கு வராது. அப்போது ஓடி வருபவர் எண்ணுக்குரியவர் அல்லர், நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளர். பாவம், அவரும் என்ன செய்வார்!

பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் இல்லாமல், அவர் சான்றிதழை மட்டும் சுவரில் மாட்டி மருந்து விற்பதைக் குற்றம் என்கிறோம். 1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் பதிவு பெறாதவர் மருந்து கொடுப்பதற்குத் தண்டனை வைத்திருக்கிறது. நெட்வொர்க் பொறியாளர்களுக்கு அப்படிப் பதிவுச் சட்டம் இல்லை என்பதால் பொய் நியாயமாகிவிடாது.

இது மோசடி. பெரிய பங்கு நிறுவனத்துடையது. ஆனால் எண்ணைக் கொடுத்தவரும் நிரபராதி அல்லர். நால்வரையும் உண்மையாகவே சம்பளத்துக்கு வைத்திருக்கும் நேர்மையான நிறுவனம், விலை கூடிப்போய் டெண்டரை இழக்கிறது. எண்ணை வாடகைக்கு விடுபவர், தன்னைப்போலவே தேறிவிட்டு வேலை தேடும் இன்னொருவரின் நாற்காலியை விற்கிறார்.

டெண்டர் விடும் அலுவலகங்கள் சான்றிதழ் நகலோடு நின்றுவிடாமல், உரியவரை நேரில் அழைத்துப் பேசி, வேலையை அவர் பொறுப்பில் எழுதி வாங்க வேண்டும். எண்ணைக் கொடுத்திருப்பவர்கள் இன்றே அதைத் திரும்பப் பெறட்டும்.