டிரம்முக்கு வேட்டி கட்டின கதை

ஐப்பசி பொறந்தாப் போதும், சென்னையில இருக்கிற அக்கா மகன் போன் போட்டுருவான். "மாமா, வீட்டைச் சுத்தித் தண்ணி தேங்க விடாதீங்க, டெங்கு வருதாம்." மாப்ள, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல வந்து நின்னு இதைச் சொன்னா சிரிப்பாங்கடா. தேங்குறதுக்குத் தண்ணி எங்க இருக்கு?

ஆனா அவன் சொல்றதுல பொய்யில்லை. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போறதில்லை. தேங்குன நல்ல தண்ணியிலதான் பெருகும், பகல்லதான் கடிக்கும். தண்ணிப் பஞ்சம் உள்ள ஊர்லதான் வீட்டுக்கு நாலு டிரம் நிக்கும். முட்டை கொசுவா மாறிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். எங்க தெருக்குழாயில தண்ணி வர்றதும் ஏறக்குறைய அதே கணக்குதான். வாரம் ஒருநாள் கொட்டிக் கழுவச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுறாங்க. குடத்துக்குக் காசு கொடுத்துப் பிடிச்ச தண்ணிய எவன் கொட்டுவான்?

2006ல சிக்குன்குனியா வந்தப்ப கோழிக்கறிதான் காரணம்னு நினைச்சு அதை ஒதுக்குன ஆளுக எங்க ஊர்லயும் உண்டு. 'சிக்குன்'னு பேருல இருக்கே! அது தான்சானியாப் பக்கத்து மக்கோண்டே மொழிச் சொல்லு; வலியில உடம்பு வளைஞ்சு போறதைச் சொல்றது. அதையும் பரப்புனது இதே டிரம் கொசுதான்.

2017ல தமிழ்நாட்டுல 23 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு. அரசாங்கக் கணக்குலயே 65 சாவு. அந்த வருஷம் கொசு மருந்து ஊத்த வந்த பொண்ணை நான்தான் வாசலோட திருப்பி அனுப்பினேன். "தண்ணி நாறும்மா, எங்க வீட்டுல ஒண்ணும் வேணாம்"னு. மூணு வாரம் கழிச்சு என் சின்ன மக படுத்துட்டா. ஊசி ஒண்ணு போட்டோம், நாலாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு. சரியாப் போச்சுன்னு நான் பருத்திக்குக் களையெடுக்கக் கிளம்பிட்டேன். காய்ச்சல் விடுற அந்த நேரந்தான் ஆபத்தான நேரம்னு அப்ப யாரும் சொல்லலை. சாயங்காலம் வயித்துவலி, வாந்தி. தூக்கிக்கிட்டு ஓடினோம். தட்டணு நாப்பதாயிரத்துக்கு இறங்கிருந்துச்சு. ஆறு நாள் படுக்கையில கிடந்து பிழைச்சு வந்தா.

அந்தக் குற்ற உணர்ச்சியிலதான் இதை எழுதுறேன். நிலவேம்புக் கசாயத்தைக் குடிக்கிறவங்க குடிக்கட்டும், டிரம்மை அது மூடாது. பழைய வேட்டியை நாலா மடிச்சு டிரம் வாயில கயிறு போட்டுக் கட்டிருக்கோம். தண்ணி தீர்ந்த அன்னைக்குத் தேங்காநாரு வச்சு உள்சுவரைத் தேய்க்கிறோம். முட்டை சுவர்லதான் ஒட்டிருக்கும், காஞ்சு போனாலும் மாசக்கணக்குல உசிரோட கிடக்கும். சும்மா அலசினா போகாது. வாசல்ல கிடந்த பழைய ஆட்டு உரலைக் கவுத்துப் போட்டாச்சு. ஆத்தாவுக்குத்தான் அதுல வருத்தம்.

விழிப்புணர்வு, விழிப்புணர்வுன்னு மைக் கட்டி ஆட்டோ ஓட்டுறதை நான் குறை சொல்லலை. அதோட எங்களுக்கு அஞ்சு நாளைக்கு ஒருக்காத் தண்ணி விட்டா நாங்க ஏன் பத்து நாளுக்குச் சேர்த்து வைக்கப் போறோம்? தண்ணி விடுற முறையும் கொசு ஒழிப்பு வேலைதான்னு பட்டணத்துல திட்டம் போடுறவங்களுக்குத் தெரியணும். வாசிக்கிற நீங்க அங்கதான் இருக்கீங்க, கேளுங்க.

போன வாரம் அந்தப் பொண்ணு மறுபடி வந்துச்சு. டார்ச் அடிச்சு நாலு டிரம்மையும் பார்த்துட்டு, "இந்தத் தடவை திட்டலையாண்ணே?"ன்னு கேட்டுச்சு. மோர் கொடுத்து அனுப்பினோம்.